ரேடியோ படிக்கப் போனவள்

பன்னிரண்டாம் வகுப்பு முடிவு வந்த பத்தாவது நாள், வீட்டில் நான் ஒரு வார்த்தை சொன்னேன். நைனா, என் அப்பா, அதை வேறொன்றாகக் காதில் வாங்கிக்கொண்டார். தப்பாக வாங்கிக்கொண்டார் என்று எனக்கு அப்போதே தெரியும். திருத்தவில்லை. இன்றைக்கு நான் போட்டிருக்கும் வெள்ளைக் கோட்டு, கழுத்தில் தொங்கும் அட்டை எல்லாமே அந்தத் திருத்தாத வார்த்தையால் வந்தவை. அதற்காக நைனா என்ன செய்தார் என்று எழுதி வைக்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

படிப்பைத் தேர்ந்தெடுத்த கதையிலிருந்தே ஆரம்பிக்கிறேன். பொன்னேரியில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்தவர் துணை மருத்துவப் படிப்புகளின் பட்டியலை அச்செடுத்துக் கொடுத்தார். இரண்டே தாள். பழவேற்காடு பஜாரில் பஸ்ஸை விட்டு இறங்கி, எங்கள் குப்பத்துக்குப் போகும் ஷேர் ஆட்டோ நிரம்புகிற வரைக்கும் டச்சுக்காரர் கல்லறை வாசலில் நின்று அதைப் படித்தேன். லேப், டயாலிசிஸ், ஆபரேஷன் தியேட்டர், இருதயத்துக்கு எக்கோ, கண் பரிசோதனை என்று போய்க்கொண்டே இருந்தது. ஓர் ஆஸ்பத்திரிக்குள் இத்தனை விதமான ஆட்கள் இருக்கிறார்களா என்று மலைத்துப் போனேன். எங்கள் ஊருக்குத் தெரிந்தது டாக்டர், நர்ஸ், சீட்டு எழுதுபவர். மற்ற எல்லோருமே "ஆஸ்பத்திரியில இருக்கறவங்க", அவ்வளவுதான்.

பட்டியலில் நாலாவதாகவோ ஐந்தாவதாகவோ 'ரேடியாகிராஃபி அண்ட் இமேஜிங் டெக்னாலஜி' என்று இருந்தது. அதன் அடியில் சின்ன எழுத்தில் எக்ஸ்ரே, சி.டி., எம்.ஆர்.ஐ. என்று போட்டிருந்தார்கள். அதற்குப் பிறகு மற்றது எதுவும் என் கண்ணில் படவில்லை. என் தலைக்கு மேலே, வாசலின் இரண்டு பக்கமும், டச்சுக்காரர்கள் செதுக்கி வைத்துவிட்டுப் போன கல் எலும்புக்கூடுகள் நின்றுகொண்டிருந்தன. எங்கள் ஊர்ப் பிள்ளைகள் எலும்புக்கூட்டுக்குப் பயப்படுவதில்லை. ஒன்றுக்கு ஹெட்மாஸ்டர் என்றும் இன்னொன்றுக்குக் கணக்கு வாத்தியார் என்றும் பெயர் வைத்துக் கூப்பிட்டவர்கள் நாங்கள்.

அந்தப் படிப்புமேல் ஏன் அப்படிக் கண் விழுந்தது என்பதற்கும் காரணம் நைனாதான். அதற்கு இரண்டு வருஷம் முன்னால், படகை டிராக்டரில் கட்டிக் கரையேற்றும்போது கயிற்றுக்கும் படகின் விளிம்புக்கும் நடுவே அவருடைய வலது கை மாட்டிக்கொண்டது. பொன்னேரி ஆஸ்பத்திரிக்கு நானும் கூடப் போனேன். எக்ஸ்ரே அறையில் ஓர் அக்கா இருந்தார். முப்பது வயது இருக்கும். வீங்கிய கையை அவர் பிடித்து இழுக்கவில்லை. "நீங்களே மெதுவா வைங்கய்யா, எங்க வலிக்குதுன்னு உங்களுக்குத்தானே தெரியும்" என்று சொல்லிவிட்டு, நைனா வைத்த பிறகு இடுக்கில் ஒரு பஞ்சுத் துண்டை மட்டும் செருகினார். எங்கள் நைனாவிடம் அதுவரை வெளியூர் ஆட்கள் யாரும் அவ்வளவு மரியாதையாகப் பேசி நான் கேட்டதில்லை.

படம் வந்ததும் அந்த அக்கா என்னையும் கூப்பிட்டுக் காட்டினார். இரண்டு விரலின் எலும்பு உடைந்திருந்தது. "இது இன்னிக்கு ஒடஞ்சது" என்றவர், மணிக்கட்டுக்குப் பக்கத்தில் இன்னோர் இடத்தைத் தொட்டு, "இது ரொம்ப பழசு. கட்டே போடாம தானா சேர்ந்திருக்கு" என்றார். நைனா திருடன் மாதிரி முழித்தார்.

"என்னிக்கோ ஒடஞ்சதுகூடவாமா அதுல தெரியுது?" என்று கேட்டார்.

அந்தப் பழைய உடைசலின் கதையைப் பஸ்ஸில் வரும்போதுதான் எனக்குச் சொன்னார். நான் ஐந்தாவது படிக்கும்போது ஒரு முறை எஞ்சின் நின்றுபோய் ஒரு பகல் முழுக்கக் கடலில் மிதந்திருக்கிறார். எஞ்சினைச் சுற்றி இழுத்து இழுத்துப் பார்த்ததில் கை போனது அப்போதுதான். படகில் வயர்லெஸ் பெட்டி இருந்தது. கரையில் மீனவர் சங்கக் கட்டிடத்திலும் ஒரு பெட்டி இருந்தது. ஆனால் கரைப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து கேட்க ஆள் இல்லை. போகிறவன் வருகிறவன் எடுத்து நாலு கேலி பேசிவிட்டு வைத்துவிடுவான். நைனா பொழுது சாய்கிற வரைக்கும் கத்தியிருக்கிறார். பிறகு ஆரம்பாக்கத்துப் பக்கத்துப் படகு ஒன்று தற்செயலாகப் பார்த்து இழுத்துக்கொண்டு வந்தது. கை உடைந்ததை மட்டும் வீட்டில் சொல்லவில்லை. அம்மா அடுத்த நாள் கடலுக்கு விடமாட்டார் என்பதுதான் காரணம்.

இத்தனை வருஷம் அவர் வாய் திறக்காததை ஒரு படம் ஒரே நிமிடத்தில் சொல்லிவிட்டது. அந்த வேலைமேல் எனக்கு வந்த ஆசை அன்றைக்கு வந்தது. டாக்டர் ஆகவேண்டும் என்றோ, நர்ஸ் ஆகவேண்டும் என்றோ எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை. அந்த அறைக்குள் அந்த அக்கா நின்ற இடத்தில் நிற்கவேண்டும் என்று மட்டும் தோன்றியது.

இனி அந்த வார்த்தை. வீட்டு வாசலில் நைனா கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். அம்மா நண்டு கழுவிக்கொண்டிருந்தார். பக்கத்துக் குடிசையிலிருந்து வந்த அத்தை, நைனாவின் அக்கா, சும்மா உட்கார்ந்திருந்தார்.

"இன்னா படிக்கலாம்னு இருக்கே?" என்றார் நைனா.

"ரேடியாகிராஃபி நைனா."

அவர் கையில் ஓடிக்கொண்டிருந்த ஊசி நின்றது. "ரேடியோவா?" என்றார். முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததே இல்லை. "ரேடியோவுக்குன்னு தனியா காலேஜ் இருக்குதா?"

"ஆமா நைனா."

காலேஜ் இருக்கிறதா என்ற கேள்விக்குத்தான் ஆமாம் சொன்னேன் என்று வக்கீல் மாதிரி எனக்குள்ளேயே வாதாடிக்கொண்டேன். நைனாவுக்கு எக்ஸ்ரே தெரியும், ஸ்கேன் தெரியும். அதைப் படிக்கிற படிப்புக்கு இப்படி ஒரு பெயர் இருக்கும் என்று அவர் எங்கே கண்டார். கடல்காரருக்கு ரேடியோ என்றால் ஒன்றுதான். அதில் இந்தப் பக்கம் பேசினால் அந்தப் பக்கம் ஒருவர் கேட்கவேண்டும்.

எக்ஸ்ரே என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். சொல்லாததற்கு அத்தை ஒரு காரணம். நைனாவுக்குக் கை உடைந்த சமயத்திலேயே அவர், "எக்ஸ்ரே ரூம்ல வேலை செய்றவளுக்கு வயித்துல எதுவும் தங்காதாமே" என்று அம்மாவிடம் சொன்னதை நான் கேட்டிருந்தேன். குப்பத்தில் பாதிப் பெண்கள் அப்படித்தான் நம்பினார்கள். இன்னொரு காரணம் ஊர். அதற்கு முந்தின வருஷம் எங்கள் குப்பத்துப் பெண் ஒருத்தி ஹாஸ்டலில் தங்கிப் படிக்கப் போய், அங்கேயே ஒருவரை விரும்பித் திரும்பாமல் போய்விட்டாள். அதிலிருந்து பெண்ணை வெளியே தங்கவைத்துப் படிக்க அனுப்புவதென்றால் ஊர்க் கூட்டத்தில் எழுந்து சொல்லி, ஊர் சரி என்ற பிறகுதான் அனுப்பவேண்டும் என்று ஆகிவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலக் கூட்டத்தில் நைனா எழுந்தார். பெண்கள் கூட்டத்தில் உட்காருவதில்லை. நான் கோயில் சுவரை ஒட்டி நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

"எம்பொண்ணு ரேடியோ படிக்கப் போறா" என்றார் நைனா. குரல் கணீரென்று வந்தது. "ஹாஸ்டல்ல தங்கணும். படிச்சு முடிச்சிட்டு வந்து நம்ம பொட்டியாண்ட உக்காருவா. கடல்ல எவன் கூப்ட்டாலும் கரையில கேக்கறதுக்கு நம்ம பொண்ணு இருக்கும்."

ஒருவர் குறுக்கிட்டார். "காட்டுப்பள்ளி துறைமுகத்துல கப்பலாண்ட பேசற வேலைக்கா?"

"துறைமுகத்துக்கு எதுக்கு? நம்மளைக் கரையை விட்டுத் துரத்தறவனுக்கா எம்பொண்ணு பேசும்? நம்ம படகுக்குப்பா."

கூட்டம் கொஞ்ச நேரம் பேசியது. கடைசியில் ஊர்த் தலைவர் சரி என்றார். நான் சுவரோரம் நின்று சந்தோஷத்தில் துப்பட்டா முனையைக் கடித்துக்கொண்டேன். அப்போது எனக்கு வெட்கமே வரவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன். படிக்கப் போகிறோம், ஊர் விட்டுவிட்டது, இது ஒன்றுதான் மனதில் இருந்தது.

கலந்தாய்வு சென்னையில் நடந்தது. காலையில் பொன்னேரியில் ரயில் ஏறினோம். நைனா கல்யாணத்துக்குப் போடும் வெள்ளைச் சட்டையைப் போட்டிருந்தார். பெரிய கூடம், வரிசையாக நாற்காலிகள், முன்னால் ஒரு திரை. மதிப்பெண் வரிசைப்படி கூப்பிடுவார்கள், கூப்பிட்டவர் போய் இருக்கிற இடங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கவேண்டும், எடுக்க எடுக்கத் திரையில் இடம் குறையும் என்று அவருக்கு விளக்கினேன்.

"பாடுன்னு சொல்லு" என்றார்.

மற்ற ஊர்களில் பாடு என்றால் கஷ்டம். எங்களுக்கு அது முறை. பழவேற்காடு ஏரியில் இறால் வலை கட்ட நல்ல இடங்கள் கொஞ்சம்தான். யார் எந்த நாள் எங்கே கட்டுவது என்று ஊரே கூடிப் பிரித்துக்கொள்ளும். அப்படி வருகிற முறைக்குப் பாடு என்று பெயர். நைனாவுக்குக் கலந்தாய்வு முழுக்கப் பிடிபட்டுவிட்டது. "இந்தக் கும்பல்ல ஒருத்தன்கூட அடிச்சிக்கல பாரு. நல்ல பாடு" என்று பாராட்டினார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆசிரியர் குடும்பத்துக்கு அவர் என்ன சொல்கிறார் என்று புரியவில்லை.

திரையில் ரேடியாகிராஃபி இடங்கள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தன. லேப் படிப்பில் நிறைய இருந்தது. என் பெயரைக் கூப்பிட்டபோது ரேடியாகிராஃபியில் நான் கேட்ட ஊரில் ஓர் இடம்தான் மிச்சம். மேஜைக்குப் பின்னால் கண்ணாடி போட்ட ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். நான் படிப்பின் பெயரைச் சொன்னேன். அவர் கம்ப்யூட்டரில் தட்டப் போனவர், நைனாவை ஒரு தடவை பார்த்துவிட்டுக் கையை எடுத்தார். அவருடைய நல்ல மனசு அது. தெரியாமல் எடுத்துவிட்டுப் பிறகு அழுகிற குடும்பங்களை நிறையப் பார்த்திருப்பார்.

"எக்ஸ்ரே, சி.டி. ஸ்கேன் எல்லாம் எடுக்கற படிப்புங்க. தெரியும் இல்ல?" என்று நைனாவிடம் கேட்டார்.

நைனா திரும்பி என்னைப் பார்த்தார். நான் மேஜையைப் பார்த்தேன்.  எங்களுக்குப் பின்னால் அடுத்த பெயர்க்காரர்கள் எழுந்து நிற்கத் தயாராக இருந்தார்கள். வேண்டாம் என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் வாயைத் திறந்திருக்க முடியாது. பொய்யை வைத்துக்கொண்டு நின்றவள் நான்தானே.

நைனா அந்த அம்மாவிடம் குனிந்து, தாழ்ந்த குரலில் ஒன்றே ஒன்று கேட்டார். "அந்த ரூம்ல வேலை செஞ்சா பொம்பளைப் பிள்ளைங்களுக்குப் பின்னால எதுனா ஆவுமா மேடம்? எங்க ஊர்ல ஒரு மாதிரி பேசிக்கிறாங்க."

அவர் சிரிக்கவில்லை. படம் எடுக்கும்போது எடுப்பவர் சுவருக்குப் பின்னால் நிற்பார், தேவைப்பட்டால் ஈயக் கவசம் போட்டுக்கொள்வார், உடம்பில் எவ்வளவு படுகிறது என்று அளக்க ஓர் அட்டை மாட்டிக்கொள்வார், அதை எடுத்துப்போய்ச் சரிபார்ப்பார்கள் என்று நிதானமாகச் சொன்னார். "முறையா நடந்துக்கிட்டா பயமில்லைங்க. இந்த வேலையில இருக்கற எத்தனையோ பேருக்குக் குழந்தை குட்டி எல்லாம் இருக்கு." நைனா வானிலை அறிக்கை கேட்கிற முகத்தோடு ஒரு சொல் விடாமல் கேட்டார்.

"அப்போ சரி" என்றார். என்னிடம் திரும்பினார். "பாடு உன்னுது. எறங்கறவன்தான் எடத்தைப் பார்க்கணும். கரையில நிக்கறவன் கை காட்டக் கூடாது."

சொல்லிவிட்டு இரண்டு அடி பின்னால் போய் நின்றுகொண்டார். ஏரிக்கரையில் ஒருவர் தன் பாடு வந்து படகைத் தள்ளும்போது மற்றவர்கள் அப்படித்தான் விலகி நிற்பார்கள். தன் பல வருஷத்து ஆசை அரை நிமிஷத்துக்கு முன்னால் உடைந்துபோன மனிதர் அவர். ஊர் முன்னால் கொடுத்த வாக்கு என்ன ஆகும் என்பதும் அவருக்குத் தெரியும். அவ்வளவையும் வைத்துக்கொண்டு, என் முறையில் தலையிடாமல் விலகி நின்றார். நான் ரேடியாகிராஃபி என்று சொன்னேன். அந்த அம்மா தட்டினார். திரையில் அந்த இடம் மறைந்தது.

திரும்பும் ரயிலில் ஜன்னலோர இடத்தை எனக்குக் கொடுத்தார். ஊர்கள் போய்க்கொண்டே இருந்தன.

"உனக்கு எப்போலேர்ந்து தெரியும்?" என்று கேட்டார்.

"அன்னிக்கே நைனா. நீ ரேடியோன்னு சொன்னப்பவே."

 திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நான் அழுதேன். ஊர்க் கூட்டத்தில் நானே வந்து சொல்லிவிடுகிறேன் என்றேன். அனுப்பம்பட்டு வரைக்கும் அவர் வாயே திறக்கவில்லை. அடுத்தது பொன்னேரி என்று எல்லோரும் எழுந்தபோது அவரும் எழுந்து பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"நீ வராதே. நான் சொல்லிக்கிறேன். நான் ஏமாந்தவன்னு ஊர் சிரிச்சா சிரிச்சிட்டுப் போவுது. நீ ஏமாத்தனவள்னு ஒருத்தன் சொல்லக் கூடாது. நாளைக்கு இந்த ஊர்லேர்ந்து இன்னொரு பொண்ணு படிக்கப் போவணும் இல்ல."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நைனா மறுபடி கூட்டத்தில் எழுந்தார். நான் மறுபடி கோயில் சுவரோரம் போய் நின்றேன். வராதே என்றுதான் சொன்னார். கேட்காமல் இருக்க என்னால் முடியவில்லை.

"போன கூட்டத்துல எம்பொண்ணு ரேடியோ படிக்கப் போறான்னு சொன்னேன். அது ரேடியோ இல்ல. எக்ஸ்ரே எடுக்கற படிப்பு. எனக்கு இங்கிலீஷ் தெரியாது. நானா ஒண்ணு நெனைச்சிக்கினு உங்களையும் நம்ப வெச்சிட்டேன். தப்பு என்னுது."

 ஒரு மூலையில் சிரிப்பு கிளம்பிக் கூட்டம் முழுக்கப் பரவியது. நைனா தலை குனியாமல் நின்றார்.

"ஏம்ப்பா, படிக்கற பொண்ணுக்குமா தெரியாது?" என்று ஒருவர் கேட்டார்.

"அதுக்கு நான் கூட்டத்துல இன்னா பேசினேன்னே தெரியாது. பொம்பளைங்க எங்க கூட்டத்துக்கு வர்றாங்க?" என்றார் நைனா. என் நினைவு தெரிந்து அவர் சொன்ன முதல் பொய் அது. 

ரேடியோவுக்குத்தானே ஊர் சரி சொன்னது, இப்போது என்ன செய்வது என்று பேச்சு எழுந்தது. சிலர் அனுப்பக் கூடாது என்றார்கள். நைனா கையைத் தூக்கினார்.

"ஊருக்கு நான் இன்னா சொன்னேன்? பொட்டியாண்ட கேக்கறதுக்கு ஆளு வரும்னு சொன்னேன். ஆளு வரும். நானே உக்காறேன். அது படிச்சு முடிக்கற வரைக்கும் வாரத்துல ரெண்டு நாள் நான் கடலுக்குப் போவல. சங்கத்துல பொட்டியாண்ட இருக்கேன். மத்த நாளைக்கும் இதே மாதிரி முறை போட்டு ஒவ்வொருத்தன் உக்காருங்க. எம்பொண்ணு போவட்டும்."

சிரித்தவர்கள் நிறுத்தினார்கள். எழுந்து நின்று பேசியவர்கள்கூட உட்கார்ந்துவிட்டார்கள். தலைவர் அதிகம் பேசவில்லை. "அவன் சொன்னபடி இருக்கட்டும்" என்று முடித்தார்.

நைனா சொன்னபடி இருந்தார். புயல் எச்சரிக்கை இல்லாத நாளிலும், இறால் அள்ளிக்கொண்டு வருகிற நாளிலும், வாரத்தில் இரண்டு நாள் விடிந்ததும் போய் அந்தப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்துவிடுவார். நான் விடுமுறைக்கு வரும்போது அம்மா கொடுக்கும் சாப்பாட்டை அங்கே எடுத்துப் போவேன். கடலில் யார் கூப்பிட்டாலும் முதலில் "சொல்லு நைனா" என்பார். வயதில் சின்னவனாக இருந்தாலும் அதே வார்த்தைதான். காற்று எந்தப் பக்கம் திரும்புகிறது, எவன் எஞ்சின் மக்கர் செய்கிறது, யார் வீட்டில் யாருக்குக் காய்ச்சல் என்று எல்லாம் அதில் போகும், வரும். இரண்டு முறை எஞ்சின் நின்ற படகுகளைத் தேட அவர் ஆள் அனுப்ப, போனவர்கள் இழுத்து வந்தார்கள். ஊர் அவருக்கு ரேடியோக்காரர் என்று பெயர் வைத்தது. முதலில் கேலியாகத்தான் வைத்தார்கள். ஒரு வருஷம் போவதற்குள் அதில் கேலி இல்லை. அவரைப் பார்த்து மற்றவர்களும் உண்மையிலேயே முறை போட்டு உட்கார ஆரம்பித்தார்கள்.

நான் அங்கே கல்லூரியில் கை, கால், முதுகு, மார்பு என்று ஒவ்வோர் உறுப்பையும் எப்படிப் படுக்கவைத்து எந்தக் கோணத்தில் எடுக்கவேண்டும் என்று படித்துக்கொண்டிருந்தேன். பிடித்துப் படித்தேன். வலியோடு வருகிறவரை நாலு வார்த்தை பேசி அசையாமல் இருக்கவைப்பதில்தான் பாதி வேலை இருக்கிறது என்று தெரிந்தபோது, இந்தப் படிப்பைத் தேர்ந்தெடுத்த அந்த இரண்டு தாளைப் படித்த நாளை நினைத்துப் பெருமைப்பட்டேன். சோம்பல் வருகிற நாளில் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் நைனா ஞாபகத்துக்கு வருவார். எழுந்து உட்கார்ந்து படிப்பேன். என்னைப் பயமுறுத்திய அத்தை இப்போது என் இரண்டு பிள்ளைகளையும் இடுப்பில் மாறி மாறித் தூக்கிக்கொண்டு திரிகிறார். தான் அப்படிச் சொன்னதே இல்லை என்கிறார். எனக்குப் பிறகு எங்கள் குப்பத்திலிருந்து நாலு பெண்கள் வெளியே தங்கிப் படித்துவிட்டார்கள். ஒருத்தி லேப், ஒருத்தி டயாலிசிஸ்.

போன வருஷம் எங்கள் பழைய ஊர்த் தலைவர் நான் வேலை செய்யும் ஆஸ்பத்திரிக்கு வந்தார். கோயில் படியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு வீங்கியிருந்தது. ரொம்பத் தளர்ந்துவிட்டார். அறைக்குள் அவரும் நானும் மட்டும் இருந்தோம். "நீங்களே மெதுவா வைங்க பெரியப்பா" என்றேன். வைத்தார்.

"ரேடியோக்காரர் பொண்ணு கையால படம்" என்று சிரித்தார்.

அந்தப் பெயரைக் கேட்டதும் எனக்குத் தாங்கவில்லை. இத்தனை வருஷம் நைனாவைத் தவிர யாரிடமும் சொல்லாததை அவரிடம் சொல்லிவிட்டேன். "பெரியப்பா, நைனா ரெண்டாவது கூட்டத்துல சொன்னது நெசம் இல்ல. எனக்கு மொதல்லேர்ந்தே தெரியும். நான்தான் சொல்லாம இருந்தேன். தப்பு என்னுது."

அவர் கையை அசைக்காமல் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"தெரியும்மா. மொதல் கூட்டத்துல நீ கோயில் செவுத்தாண்ட நின்னுகினு இருந்தியே. நான் பார்த்தேன். இன்னும் நாலு பேர் பார்த்தாங்க. ரெண்டாவது கூட்டத்துலயும் அங்கதான் நின்னே."

 "அன்னிக்கே ஏன் கேக்கல?" என்றேன்.

"கேட்டா அவன் இன்னொரு பொய் சொல்லணும். பொய் சொல்லிப் பழக்கமில்லாத ஆளு. ஊருக்கு முன்னாடி பொண்ணுக்காகத் தன்னை முட்டாளாக்கிக்கினு நிக்கறான். அதுக்கு மேல அவனை எதுக்குப் பேஜார் பண்றது? சரி இருக்கட்டும்னு வுட்டுட்டோம்."

படத்தை எடுத்தேன். எலும்பு உடையவில்லை, வெறும் சுளுக்குதான். அவரை வாசல் வரைக்கும் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்து, அந்த அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

நைனா இன்னும் இருக்கிறார். இப்போது கடலுக்குப் போவதில்லை. தினமும் பெட்டியாண்டதான். தன் மகள் ஏமாற்றியவள் என்று ஊரில் ஒருவருக்கும் தெரியாதபடி காப்பாற்றிவிட்டோம் என்று இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இதை யாராவது அவருக்குப் படித்துக் காட்டினால், தலைவர் ஆஸ்பத்திரிக்கு வருகிற இடத்துக்கு முன்னாலேயே நிறுத்திவிடுங்கள்.